பேரனுக்கு வரி இல்லை, பூக்காரம்மாவுக்கு உண்டு

கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா போன வாரம் தன் போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் போட்டார். சுருக்குப்பையை அவிழ்த்து, கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணிக் கொடுத்தார். அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. அதே தெருவில் ஒருவருக்குத் தாத்தாவின் உயில் மூலம் நூறு கோடி வந்திருந்தாலும் வாரிசு வரி என்று ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1953-ல் ‘எஸ்டேட் டியூட்டி’ என்ற வாரிசு வரி வந்தது. 1957-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது செல்வ வரியும் சேர்ந்தது. வருடத்துக்குச் சுமார் 20 கோடிதான் தேறுகிறது, வசூலிக்கும் செலவோ அதிகம் என்று 1985-ல் அப்போதைய நிதியமைச்சர் வி.பி. சிங் வாரிசு வரியை எடுத்தார். 2015 பட்ஜெட்டில் நிதியமைச்சர் அருண் ஜெட்லி செல்வ வரியையும் எடுத்தார்.

வசூல் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஏன் குறைந்தது? வாரிசு வரியின் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனால் யார்தான் கணக்குக் காட்டுவார்கள்? பானை ஓட்டை என்றால் அதை அடைத்திருக்கலாம். நாம் கிணற்றையே தூர்த்துவிட்டோம்.

பலன் என்ன? நாட்டின் மொத்தச் சொத்தில் 40 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கையில் இருப்பதாகப் பொருளாதார அறிஞர் பிக்கெட்டி உள்ளிட்டோரின் 2024 ஆய்வு சொல்கிறது. செல்வம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்று அரசுக்கு வழிகாட்டும் 39-ஆவது பிரிவு நம் அரசமைப்பில்தான் இருக்கிறது.

உழைத்துச் சம்பாதித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தொழில் தொடங்கி நாலு பேருக்கு வேலை கொடுப்பவர் நன்றாக இருக்கட்டும். பூர்வீக வீட்டையும் இரண்டு ஏக்கர் நஞ்சையையும் யாரும் தொடவும் வேண்டாம். பத்து கோடிக்கு மேல் கைமாறும் சொத்துக்கு மட்டும் நியாயமான விகிதத்தில் வரி போடலாம். அந்தப் பணம் எந்தப் பள்ளிக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று வருடாவருடம் கணக்கு வைக்கலாம். பிரிட்டனில் வாரிசு வரி 40 சதவீதம், ஜப்பானில் 55 சதவீதம் வரை. அங்கெல்லாம் தொழில் படுத்துவிடவில்லை.

இதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், இதில் உங்கள் நிலை என்ன என்று தயவுசெய்து கேளுங்கள்.