பாஸ்புத்தகமும் பிழைப்பும்

நமது தேசத்தில் பாங்கிக் கணக்கு இல்லாத குடும்பம் இன்று அரிதாகிவிட்டது. 2014 ஆகஸ்டு 28-ஆம் தேதி தொடங்கப்பெற்ற ஜன் தன் திட்டத்தின் கீழ்த் திறக்கப்பட்ட கணக்குகள், 2023 ஆகஸ்டில் 50 கோடியைக் கடந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பெண்மணிகளின் பெயரில் உள்ளவை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கிராமங்களையும் சிற்றூர்களையும் சார்ந்தவை. வயது வந்தோர் நூற்றுவரில் 2011-இல் 35 பேருக்கே கணக்கு இருந்தது; 2021-இல் 78 பேருக்கு இருந்தது என்று உலக பாங்கியின் கணிப்புக் கூறுகிறது. இது சிறிய காரியமன்று. கட்சி வேற்றுமை காரணமாக இதனைக் குறைத்துப் பேசுவோர் உண்மைக்கு நியாயம் செய்தவராகார்.

ஆயினும், இதே தேசத்தின் வாலிபர் நிலைமையை உடன்வைத்துப் பார்க்க வேண்டும். 15 முதல் 29 வயது வரையுள்ளாரில் வேலை தேடியும் கிடைக்காதோர் 2023-24-இல் நூற்றுக்குப் பதின்மர் என்பது சர்க்கார் கணக்கு. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை இதனினும் வருந்தத்தக்க செய்தியொன்றைச் சொல்லிற்று. 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத வாலிபரில் வேலையற்றோர் நூற்றுக்கு 3.4, பட்டம் பெற்ற வாலிபரிலோ 29.1. ஏழைக்கு எந்த வேலையையும் மறுக்க வசதியில்லை. படித்தவனுக்கோ படிப்புக்குத் தக்க வேலை இல்லை. இவ்விருவர் பையிலும் பாஸ்புத்தகம் இருக்கிறது. அப்புத்தகம் இவர்களுக்குப் பிழைப்புத் தேடித் தந்ததா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

பழைய கேள்வி

இக்கேள்வி புதியதன்று. ஐரோப்பிய நாடுகளின் விவசாய பாங்கிகளை ஆராய்ந்து வரும்படி 1892-இல் சென்னை சர்க்கார் பிரெடரிக் நிக்கல்ஸனை நியமித்தது. ஜெர்மனியில் ரெய்பைஸன் நிறுவிய கிராமக் கூட்டுறவுச் சங்கங்களைப் போன்றவை இங்கும் தோன்ற வேண்டும் என்பது அவரது முடிவு. நிலமற்றவனுக்கும் நாணயம் என்றோர் ஈடு உண்டு, அவ்வூராரே அதற்குச் சாட்சி என்பதே அச்சங்கங்களின் ஆதாரம். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கமொன்று பதிவாயிற்று.

1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு பாழானபோது, அந்நியர் கையில் நம் பணத்தை ஒப்புவித்ததன் பலனைச் சென்னை கண்கூடாகக் கண்டது. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி எழுந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியின் பங்கொன்றை 25 ரூபாய் என வகுத்திருந்தார். சிறியோர் கைப்பணத்தைத் திரட்டினால் பெருந்தொழில் நடத்தலாம் என்பதே அதன் கருத்து. நம்மவர் சேமிப்பு நம்மவர் தொழிலுக்கு உதவ வேண்டும் என்ற அக்கொள்கையை நாம் இன்றும் கைவிடவில்லை.

சுதந்திரத்திற்குப் பின் 1969 ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய பாங்கிகள் தேசவுடைமையாயின. அப்போது தேசம் முழுமைக்கும் கிளைகள் 8,262. கிராமங்களில் இருந்தவை 1,833. நகரத்தில் ஒரு கிளை திறக்க விரும்பும் பாங்கி, பாங்கியே இல்லாத ஊர்களில் நான்கு திறந்தாக வேண்டும் என்று 1977-இல் விதி வந்தது. 1990-க்குள் கிராமக் கிளைகள் 34,000-ஐத் தாண்டின. அவ்வாண்டில் அவ்விதி கைவிடப்பட்டது.

பணம் போன வழி

கிளை வந்தது, பணம் எங்கே சென்றது? கிராமங்களிலும் சிறு பட்டணங்களிலும் உள்ள கிளைகளில் ஜனங்கள் வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 60 ரூபாயாவது அவ்விடங்களிலேயே கடனாகத் திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி வகுத்த இலக்கு. 1991-க்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் கிராமக் கிளைகள் அவ்விலக்கினின்று வெகுதூரம் பின்தங்கின. பீஹாரில் மாகாணம் முழுமைக்குமே இவ்விகிதம் பல்லாண்டுகள் 50-க்கும் கீழே கிடந்தது. அங்குள்ள ஏழையின் சேமிப்பு மற்ற மாகாணங்களின் பெருநகரங்களுக்கு மூலதனமாயிற்று. இன்று அம்மாகாணத்து வாலிபர் திருப்பூர்ப் பின்னலாடைச் சாலைகளிலும் சென்னைக் கட்டிட வேலைகளிலும் வந்து உழைக்கின்றனர். பணம் போன வழியே ஆளும் போகிறான். இதில் வியப்பென்ன?

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே வைப்புத் தொகைக்கு மேற்பட்டே கடன் வழங்கப்படுகிறது. ஆனால் இது கண்டு நாம் இறுமாக்க இடமில்லை. நம் ஊர்ப்புறங்களில் பாங்கிக் கடனில் பெரும்பகுதி நகை ஈட்டின்மேல் தரப்படுவது யாவரும் அறிந்ததே. தொழில் தொடங்க விரும்பும் வாலிபனின் முதல் மூலதனம் தாயின் கழுத்திலுள்ள சங்கிலியாக இருக்கிறது. நகையில்லாத் தாயின் மகன் என் செய்வான்?

ஜாமீன் எங்கே?

அவனுக்காகவே 2015 ஏப்ரலில் முத்ரா திட்டம் ஏற்பட்டது என்பர். உண்மையே. முதலாண்டாகிய 2015-16-இல் இத்திட்டத்தில் 3 கோடியே 48 லட்சம் கடன்கள் அனுமதிக்கப்பட்டன; தொகை 1,37,000 கோடி ரூபாய்க்கு மேல். எண் பெரிது. வகுத்துப் பார்த்தாலோ, கடன் ஒன்றுக்கு 40,000 ரூபாய்க்கும் குறைவு. பெரும்பாலானவை 50,000 ரூபாய்க்கு உட்பட்ட கடைசிப் படியைச் சேர்ந்தவை. இத்தொகையில் ஒருவன் தள்ளுவண்டி வாங்கலாம். ஒரு பெண்மணி தையல் இயந்திரம் வாங்கலாம். அக்குடும்பத்திற்கு அது உதவியே. ஆனால் வேறொருவனுக்குக் கூலி கொடுக்கும் தொழில் அதனால் எழாது. 2024-25-இல் சராசரி ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருப்பது முன்னேற்றந்தான், போதுமான முன்னேற்றமன்று.

சிறுதொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையில் பாங்கிகள் சொத்து ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2010-இலேயே விதித்தது. நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்பதற்கென்றே 2000-இல் உத்தரவாத நிதியொன்றும் நிறுவப்பெற்றது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், கடன் கேட்டுச் செல்லும் வாலிபனிடம் "வீட்டுப் பத்திரம் உண்டா? சர்க்கார் உத்தியோகஸ்தர் எவரேனும் ஜாமீன் நிற்பாரா?" என்று கேட்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. விதி டில்லியிலும் பம்பாயிலும் வாழ்கிறது. வழக்கம் கிளையில் வாழ்கிறது. கிளைக்கு வருபவன் வழக்கத்தையே சந்திக்கிறான்.

அங்கே கதவடைபட்டவன் எங்கே செல்கிறான்? கந்துவட்டிக்காரனிடம் செல்கிறான். 2003-இல் அதற்கெனச் சட்டமே இயற்றிய மாகாணம் நம்முடையது. எனினும், 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆற்றாது திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு தொழிலாளியின் குடும்பம் குழந்தைகளோடு தீக்கிரையானதை நாம் மறக்கவில்லை. இப்போதோ கந்துவட்டி செல்பேசிக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது. ரிசர்வ் பாங்கி நியமித்த குழு 2021-இல் ஆராய்ந்தபோது கடன் தரும் செயலிகள் 1,100 இருந்தன. அவற்றில் 600 சட்டத்திற்குப் புறம்பானவை. சில நிமிஷங்களில் கடன். சில தினங்களில் மிரட்டல். தவணை தவறினால் அவமானம். முறையான செயலியில் வாங்கியவனுக்குங்கூட ஒரு தவணை தவறினால் வரவுசெலவுப் பதிவில் கறை விழுகிறது. இருபது வயதில் விழுந்த அக்கறை, இருபத்தைந்தாம் வயதில் அவன் பாங்கிக்குச் செல்லும்போது முன்னே சென்று நிற்கிறது.

பாங்கியார் கூறும் நியாயம்

பாங்கி அதிகாரிகள் தம் பக்கத்து நியாயத்தைக் கூறாமலில்லை. "பணம் ஜனங்களுடையது, அதை வாரி இறைக்க எமக்கு உரிமையில்லை" என்பர். இதில் உண்மை உண்டு. 1980 முதல் தேசமெங்கும் நடந்த ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டத்தில், வேண்டாதவனுக்கு மாடும் வேண்டியவனுக்கு ஏமாற்றமும் கிடைத்த இடங்கள் பல. கிராம வாலிபரைத் தொழிலில் பயிற்றுவதற்கு 1979-இல் தனித் திட்டம் வந்தும், பயிற்சி ஒருபுறமும் கடன் மறுபுறமுமாக நின்றன. ஆந்திரத்தில் நுண்கடன் கம்பெனிகள் ஒருவர் தலையில் மூவர் கடனைச் சுமத்தியதன் விளைவாக, 2010 அக்டோபரில் மாகாண சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. தொழிலறியாதவன் கையில் வைத்த கடன் அவனுக்குக் கால்விலங்காகும் என்பதை இவை காட்டுகின்றன.

இவற்றிலிருந்து கடன் கொடுக்கலாகாது என்ற முடிவு பிறவாது. தொழிலைக் கற்பித்துக் கடன் கொடுத்து, பின்னரும் கூடவே செல்ல வேண்டும் என்ற முடிவே பிறக்கும். இதற்கும் நம் தேசத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. தென்கன்னட ஜில்லாவின் உஜிரேயில் தர்மஸ்தல தேவஸ்தானமும் இரண்டு பாங்கிகளும் சேர்ந்து 1982-இல் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. வேலையற்ற வாலிபரை அழைத்து, உணவும் உறைவிடமும் அளித்து, சில வாரங்கள் ஒரு தொழிலைக் கற்பித்து, பாங்கிக் கடனுக்கு வழிசெய்து, அதன் பின்னரும் இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனிப்பது அதன் முறை. 2009 முதல் ஜில்லாவுக்கு ஒன்றாக இத்தகைய நிலையங்களை முன்னோடி பாங்கிகள் நடத்திவருகின்றன. நிலையங்கள் இருக்கின்றன, அவற்றின் பெயர் தெரிந்த வாலிபர்தாம் குறைவு.

செய்ய வேண்டியவை

நாம் கோருவன மூன்று. முதலாவது, இந்நிலையங்களில் பயின்று தேறியவனின் சான்றிதழே அவனுக்கு ஈடாக மதிக்கப்பட வேண்டும். 2010-ஆம் ஆண்டு விதியை மீறி ஜாமீன் கேட்கும் கிளை பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது, வாலிபன் கடன் விண்ணப்பத்தை மறுக்கும்போது காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லால் திருப்பியனுப்பப்பட்டவனுக்கு அப்பீல் செய்யும் வழியே இல்லை. மூன்றாவது, எத்தனை கணக்குத் திறந்தோம் என்று பறைசாற்றும் பாங்கிகள், நகை ஈடின்றி எத்தனை வாலிபர்க்குத் தொழிற்கடன் கொடுத்தோம், அத்தொழில்களில் எத்தனை இரண்டாண்டு கழித்தும் நடக்கின்றன என்பதைத் தாலூகா வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கட்சிகளில் உழைக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டாரந்தோறும் ஜில்லாதோறும் பாங்கியாளர் கமிட்டிகள் குறித்த காலத்தில் கூடுகின்றன. வைப்பில் 40 சதவிகிதங்கூடக் கடனாகத் திரும்பாத ஜில்லாக்களைக் கவனிக்கத் தனி உபகமிட்டி வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. அங்கே என்ன பேசப்படுகிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? மேடையில் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி முழங்குவது எளிது. திருப்பியனுப்பப்பட்ட பத்து வாலிபரின் விண்ணப்பங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, விதியைக் காட்டி, கிளை அதிகாரியிடம் நியாயம் கேட்பது கடினம். ஆனால் அதுவே வேலை.

ஏழை தன் வியர்வையைக் காசாக்கி பாங்கியில் வைத்துவிட்டான். தேசத்தை நம்பி அவன் செய்ய வேண்டியதை அவன் செய்துவிட்டான். அவன் மகனை நம்பி அப்பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவது இனி தேசத்தின் முறை.