முதுகுவலியும் படப்பரிசோதனையும்

முதுகுவலியால் மருத்துவரை நாடுவோருள் மிகப் பெரும்பாலோருக்கு எவ்விதப் படமும் தேவைப்படுவதில்லை. தசைப்பிடிப்பினால் எழும் வலி சில வாரங்களில் தானே தணிந்துவிடும். எனினும், ஸ்கேன் எடுத்தாலன்றி மருத்துவமே இல்லை என்ற எண்ணம் நகரங்களில் வேரூன்றியுள்ளது. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படம் எடுத்து, 1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்புகளின் இடைத்தட்டு ஓரிடத்திலாவது புடைத்திருந்தது. படத்தில் தெரியும் மாறுதல் யாவும் வலிக்குக் காரணமாகிவிடா என்பது இதனால் புலனாயிற்று.

ஆயினும், படம் எடுக்கத் தாமதிப்பதே கேடாக முடியும் நிலைகளும் உண்டு. இந்தியாவில் அவற்றுள் முதன்மையாகக் கருதத்தக்கது முதுகெலும்புக் காசநோய். 1779-இல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் விவரித்த நோய் இது. கிருமிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே முள்ளெலும்பை அடைந்து, அதை மெல்ல மெல்ல அரிக்கின்றன. மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, ஓய்விலும் நீங்காத வலி ஆகியன இதன் அறிகுறிகள். ஆனால் பலருக்குக் காய்ச்சலே இராது. தைலமும் வலி மாத்திரையுமாக மாதங்கள் கழியும். கால்கள் தளர்ந்து நடை தடுமாறும்போதுதான் நோய் இன்னதென்று தெரியவரும்.

எலும்பின் தாதுச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழிந்த பின்னரே எக்ஸ்ரே படத்தில் மாறுதல் தென்படும். ஆகவே, தொடக்கத்தில் எக்ஸ்ரே குறையின்றி இருப்பது நோயின்மைக்குச் சான்றாகாது. எம்.ஆர்.ஐ. படமோ எலும்பு மஜ்ஜையின் நீர்க்கோவையையும், சீழ்க்கட்டியையும், தண்டுவடம் அழுத்தப்படுவதையும் முன்னதாகவே காட்டிவிடும். அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளும் இடைத்தட்டும் சேர்ந்து கெட்டிருப்பின் காசநோய் எனவும், தட்டு கெடாமல் எலும்பு மட்டும் சிதைந்திருப்பின் புற்றுநோய்ப் பரவல் எனவும் பொதுவாக ஊகிக்கலாம். ஊகமேயன்றி முடிவன்று. சி.டி. ஸ்கேன் வழிகாட்ட ஊசி செலுத்திச் சீழையோ திசுவையோ எடுத்து ஆய்வதே முறை. அக்கிருமி ரிபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை மரபணுச் சோதனை சில மணி நேரத்தில் தெரிவிக்கிறது.

முற்காலத்தில் இந்நோயாளிகள் மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். 1970-களின் பிற்பகுதியில் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நடக்கும் ஆற்றலை இழக்காத நோயாளிகளுள் பெரும்பாலோரை, அறுவையின்றி, வெளிநோயாளிகளாகவே மருந்தினால் குணப்படுத்தலாம் என நிறுவியது. 2016-ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டு நெறிகள் 12 மாத மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைக்கின்றன. அரசு நிலையங்களில் மருந்து இலவசம். மாதந்தோறும் வழங்கப்பட்ட 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தண்டுவட அழுத்தம் மிகும்போதும், முதுகெலும்பு நிலைகுலையும்போதும் அறுவை தேவைப்படும்.

எம்.ஆர்.ஐ. கருவி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பதில்லை. நோயாளி பெரிய மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும். யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் அந்நிலைய மருத்துவரே. முதுகெலும்பை விரலால் தட்டிப் பார்க்கையில் ஓரிடத்தில் மட்டும் வலிக்கிறதா, கால்களின் வலு குன்றியுள்ளதா, சிறுநீர் கழிப்பதில் தடை உண்டா என்று அறிய அவருக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கால் வலு குன்றியவரையும் சிறுநீர்த் தடை உற்றவரையும் அன்றே அனுப்பிவிடுதல் வேண்டும்.