தரையில் நின்றவர்கள் – 7: அரம் பிடித்த கைகள்

பிரிட்டிஷ் விமானப் படையின் ஹால்டன் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்கள் முதுமையில் எழுதிவைத்த நினைவுகளைப் படித்தால், விமானம் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறது. முதலில் வருவது அரம். பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்த பையன் நீண்ட பட்டறை மேசையில் பூட்டிய வைஸுக்கு முன்னால் நிற்கிறான். கையில் ஒரு இரும்புக் கட்டி. அதை ராவி ராவிச் சதுரமாக்க வேண்டும். பயிற்சியாளர் வந்து மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கீற்றாக வெளிச்சம் கசிந்தால் போதும், கட்டி தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து.

இப்படிப் பல வாரங்கள். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போகும். உளியை அடிக்கப் போன சுத்தியல் விரல்முட்டியில் விழும். விமானத்தின் மேல் ஆசைப்பட்டு வந்தவனுக்கு இதில் விமானம் எங்கே இருக்கிறது என்று ஆத்திரம் வந்திருக்கிறது. ஆனால் அதே ஆட்கள் எழுபது வயதில், எண்பது வயதில், வேறு எதையும்விட அந்த இரும்புக் கட்டியைத்தான் நன்றியோடு நினைக்கிறார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் விரல் நுனிக்குத் தெரியும்படி ஆனது அங்கேதான். 1920களின் விமான எஞ்சினில் பேரிங்கைக் கையால் சுரண்டிச் சுரண்டித்தான் தண்டுக்குப் பொருத்தினார்கள். அந்தக் கை தவறினால் வானத்தில் எஞ்சின் நின்றுபோகும்.

லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில், சில்டர்ன் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது ஹால்டன். ஆல்ஃபிரட் டி ராத்சைல்ட் என்ற பெரும் வங்கிக் குடும்பத்துப் பிரபுவின் எஸ்டேட் அது. சொந்தமாக சர்க்கஸும் இசைக்குழுவும் வைத்திருந்த மனிதர். முதல் உலகப் போர் வந்தபோது நிலத்தை ராணுவத்துக்குத் திறந்துவிட்டார். பீச் மரங்களைப் போருக்காக வெட்டினார்கள். 1917இல் விமானப் பிரிவின் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தர அங்கே பெரிய பட்டறைகள் எழுந்தன. அவற்றைக் கட்டும் வேலையில் ஜெர்மன் போர்க்கைதிகளும் இருந்தார்கள். 1918இல் ஆல்ஃபிரட் இறந்ததும், ஒரு லட்சம் பவுனுக்குச் சற்றே கூடுதலான விலையில் மாளிகையும் நிலமும் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. மாளிகை அதிகாரிகளின் மெஸ் ஆயிற்று.

பையன்களைக் கொண்டுவந்தவர் அப்போதைய விமானப் படைத் தலைவர் ஹியூ ட்ரென்சார்ட். போர் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, பிரிட்டிஷ் விமானப் படையில் விமானத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் சொற்பம். வெளியே தொழிற்சாலைகளில் தேர்ந்த ஃபிட்டர்கள் இருந்தாலும் அவர்களை இழுக்கும் அளவுக்குப் படையில் சம்பளம் இல்லை. ‘நாமே சிறுவர்களை எடுத்து நாமே உருவாக்குவோம்’ என்பது 1919இல் அவர் முன்வைத்த திட்டத்தின் முக்கியமான பகுதி. வெளியே ஐந்து வருடம் பிடிக்கும் தொழில் பழக்கத்தை மூன்று வருடத்தில் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார். அதற்கு ஓரளவு படித்த, போட்டித் தேர்வில் தேறிய பையன்கள் வேண்டும். 1920இல் முதல் பேட்ச் கிரான்வெல் என்ற இன்னொரு விமானப் படைத் தளத்தில் தொடங்கியது, ஹால்டனில் தங்க இடம் தயாராகாததால். 1922 ஜனவரியில் ஐந்தாவது பேட்ச் நேராக ஹால்டனுக்கு வந்தது. சுமார் ஐந்நூறு பையன்கள்.

பெரும்பாலும் உழைப்பாளிக் குடும்பங்கள், கீழ்நடுத்தரக் குடும்பங்கள். மேற்படிப்புக்கு வீட்டில் வழியில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, உடுப்பு, ஒரு தொழில், அதோடு கல்வி. பெற்றோர் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, ஹால்டனுக்குப் பக்கத்திலிருந்த வெண்டோவர் ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். பதினெட்டு வயதுக்குப் பிறகு பல வருடம் படையில் இருந்தே தீரவேண்டும் என்பதும் அந்தக் கையெழுத்தில் அடக்கம். முதல் சில மாதங்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் பணம் கட்டி மகனை மீட்டுக்கொள்ள ஒரு வழி இருந்தது. அந்தப் பணம் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்?

பேரக் வாழ்க்கையை இவர்கள் சொல்லும்போது தரையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு கூடத்தில் இருபது இரும்புக் கட்டில்கள் வரை. பகலில் ஒரு பாதியை இன்னொன்றுக்குள் தள்ளிச் சுருக்கி வைக்கும் கட்டில். மெத்தை ஒன்றாக இருக்காது, மூன்று துண்டு. காலையில் எழுந்ததும் கம்பளியையும் விரிப்பையும் கோடு பிசகாமல் சதுரமாக மடித்து, மெத்தைத் துண்டுகளின் மேல் அடுக்க வேண்டும். சோதனைக்கு வருபவருக்குப் பிடிக்கவில்லையென்றால் அது ஜன்னல் வழியாக வெளியே பறக்கும். தரைக்கு மெழுகு தேய்த்து, நீண்ட பிடியுள்ள கனமான கட்டையால் இழுத்து இழுத்துப் பளபளப்பாக்குவார்கள். கனம் போதாதென்று ஒரு பொடியனை அதன்மேல் உட்காரவைத்து இழுத்ததைப் பலர் சொல்கிறார்கள். அந்தப் பளபளப்பு கெடாமலிருக்க, காலுக்கடியில் பழைய கம்பளித் துண்டுகளை வைத்துச் சறுக்கியபடியேதான் அறைக்குள் நடமாட்டம்.

பூட்ஸ் பாலீஷ் தனிக்கதை. பித்தளைப் பொத்தான்கள் இன்னொரு கதை. இடது கைச் சட்டையில் ஒரு சிறிய பித்தளைச் சக்கரம் இருக்கும், வட்டத்துக்குள் நான்கு அலகு ப்ரொப்பெல்லர். ஹால்டன் பையன் என்பதற்கு அதுதான் அடையாளம். தொப்பியைச் சுற்றி வண்ணப் பட்டி, எந்தப் பிரிவு என்று தூரத்திலிருந்தே தெரியும். காலையில் அணி வகுத்து, ஸ்காட்லாந்து பைப் வாத்தியமும் முரசும் முன்னால் போக, பேரக்கிலிருந்து பட்டறைக்கு நடப்பார்கள். மழையிலும் பனியிலும் அதே நடை.

பிறகு பசி. ஹால்டன் நினைவுகளில் பசி இல்லாத நினைவே இல்லை. வளரும் வயது, உடற்பயிற்சி, அணிவகுப்பு, பட்டறை, விளையாட்டு. மெஸ்ஸில் போட்டது எந்த நேரத்திலும் போதவில்லை. கையில் கொடுத்த காசோ வாரத்துக்குச் சில ஷில்லிங். மீதியைப் படையே பிடித்துவைத்து லீவுக்குப் போகும்போது கொடுக்கும். அந்தச் சில ஷில்லிங்கில் பூட் பாலீஷ், பிளேடு, தபால் தலை எல்லாம் போக, மிஞ்சியது கேன்டீன் தேநீருக்கும் பன்னுக்கும். வார நடுவிலேயே காசு தீர்ந்துவிடும். பன்னைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்த நண்பனின் பெயரை அறுபது வருடம் கழித்தும் இவர்கள் மறக்கவில்லை.

இனிமையாகச் சொல்ல முடியாத பகுதியும் உண்டு. மூத்த பேட்ச் இளைய பேட்ச்சை ஆட்டிப்படைத்தது. நள்ளிரவில் கூட்டமாக வந்து கட்டில்களைக் கவிழ்ப்பது, அலமாரியைக் கொட்டுவது, எடுபிடி வேலை வாங்குவது. சிலருக்கு அது விளையாட்டாக இருந்தது. சிலருக்கு இல்லை. ‘அதுதான் எங்களை ஆண்பிள்ளை ஆக்கியது’ என்று சொல்லும் முதியவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அவர்களை ஆளாக்கியது பட்டறை மேசையும் வகுப்பறையும் பக்கத்துக் கட்டில் நண்பனும். ராத்திரி அடி இல்லாமலிருந்தாலும் அவர்கள் அதே திறமையோடுதான் வெளியே வந்திருப்பார்கள். பதினைந்து வயதுப் பையன் போர்வைக்குள் அழுததற்கு எந்தப் பெருமையும் ஈடாகாது.

ஹால்டனின் உண்மையான பலம் வேறிடத்தில் இருந்தது. வாரத்தில் பட்டறை நேரம் போக, மீதி நேரம் பள்ளி. கணிதம், இயற்பியல், இயந்திரவியல், வரைபடம், ஆங்கிலம். கற்றுக்கொடுத்தவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள். விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை எளிமையாக விளக்கும் ‘மெக்கானிக்ஸ் ஆஃப் ஃப்ளைட்’ என்ற புத்தகத்தை எழுதிய ஏ. சி. கெர்மோட் அங்கே கற்பித்தவர். தலைமுறை தலைமுறையாக விமானப் பொறியியல் மாணவர்கள் படித்த புத்தகம் அது. பின்னாளில் ஹால்டனின் பள்ளிக் கட்டிடத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். காலையில் இறக்கையின் உலோகத் தகட்டை வளைத்தவன், மதியம் அந்த இறக்கை ஏன் தூக்குகிறது என்று கணக்குப் போட்டான். கையையும் மூளையையும் இரண்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் ஒரே பையனிடம் ஒப்படைத்தார்கள்.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. சி. எச். லாட்டிமர்-நீதம் என்ற ஆசிரியர் வடிவமைக்க, ஹால்டன் ஏரோ கிளப்பில் பையன்களும் சேர்ந்து கட்டிய மேஃப்ளை என்ற சிறிய விமானம் 1927 ஜனவரியில் பறந்தது. தாங்கள் ராவிய, தைத்த, பூட்டிய ஒன்று தரையை விட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இனி எந்தப் பரீட்சை வேண்டும்!

ஃபிராங்க் விட்டில் பெயர் தெரியாத விமானப் பிரியர் இருக்கமாட்டார். ஜெட் எஞ்சினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். எழுத்துத் தேர்வில் தேறி 1923 ஜனவரியில் ஹால்டன் வாசலுக்கு வந்தார். உயரம் ஐந்தடிதான். மருத்துவச் சோதனையில் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்த உடற்பயிற்சியாளர் ஒருவர் இரக்கப்பட்டு, என்ன சாப்பிட வேண்டும், என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். பையன் விடாமல் செய்து உயரத்தில் மூன்று அங்குலம் கூடினார். மறுபடி மறுத்தார்கள். மறுபடி விண்ணப்பித்தார். அந்த வருடமே கிரான்வெல்லில் இருந்த சகோதரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்து அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகி, 1930இல் ஜெட் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1941 மே 15 அன்று அவருடைய எஞ்சின் பொருத்திய விமானம் பறந்தது. அந்த உடற்பயிற்சியாளரும் இந்தத் தொடரில் இடம்பெற வேண்டியவர்தான்.

போர் வந்ததும் மூன்று வருடப் பயிற்சி சுருங்கியது. 1940இல் பிரிட்டன் வானில் சண்டை நடந்தபோது, ஓட்டையும் கிழிசலுமாக இறங்கிய விமானங்களை மறுநாள் காலைக்குள் எழுப்பி அனுப்பிய கைகளில் ஹால்டன் கைகள் ஏராளம். பலர் வானோட்டிகளாகவும் ஆனார்கள். ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் 1932இல் வெண்கலமும் 1936இல் வெள்ளியும் வென்ற டான் ஃபின்லே ஹால்டன் பையன். 1940இன் அந்த வான் சண்டையில் போர் விமானம் ஓட்டினார். தாமஸ் கிரே இன்னொருவர். 1940 மே 12 அன்று பெல்ஜியத்தில் ஒரு பாலத்தைத் தாக்கப் போன விமானத்தில் வழிகாட்டியாக இருந்து இறந்தார். அவருக்கும் விமானி டொனால்ட் கார்லண்டுக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அதே விமானத்தில் அதே நிமிடத்தில் இறந்த மூன்றாமவர் லாரன்ஸ் ரெனால்ட்ஸ். வானொலியையும் பின்துப்பாக்கியையும் கவனித்த படைவீரர். அவருக்கு எந்தப் பதக்கமும் இல்லை. இது அநியாயம். எண்பது வருடம் கடந்தும் அநியாயம்தான்.

போர்க்காலத்தில் நாட்டை இழந்த போலந்துச் சிறுவர்கள் ஹால்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு வேறு நாடுகளிலிருந்தும் வந்தார்கள். 1951இல் விமானப் படை தொடங்கிய இலங்கையும் தன் பையன்களை அனுப்பியது. வெயிலில் வளர்ந்தவனுக்கு ஹால்டனின் ஜனவரி மாதம் என்னவாக இருந்திருக்கும் என்று யாழ்ப்பாணத்திலோ காலியிலோ இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் இன்னொன்று, ‘ஃபார்ம் 700’. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவேடு. வேலை செய்தவன் அதில் கையெழுத்துப் போடவேண்டும். அதைப் பார்த்துவிட்டு விமானியும் கையெழுத்துப் போட்டபிறகுதான் விமானம் நகரும். பத்தொன்பது வயதுப் பையன் முதல் தடவை அந்தத் தாளில் தன் பெயரை எழுதும்போது, ஒருவரின் உயிருக்குத் தான் ஜாமீன் நிற்பது அவனுக்குத் தெரியும். இந்திய விமானப் படையில் தொழில்நுட்பப் பிரிவில் இருந்தவர்களுக்கும் அந்த 700 நன்கு பழகிய எண்தான்.

155ஆவது பேட்ச் 1993 ஜூனில் வெளியேறியதோடு சிறுவர் பயிற்சி முடிந்தது. எல்லாப் பேட்ச்சுகளிலும் சேர்த்துச் சுமார் நாற்பதாயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானப் படையின் உயர் தளபதி நிலைகளுக்குப் போனார்கள். கீத் வில்லியம்சன் 1982இல் படையின் தலைமைத் தளபதியே ஆனார். நிறுத்தியதற்குக் காரணங்கள் இருந்தன. பள்ளிப் படிப்பு நீண்டுவிட்டது, பதினைந்து வயதில் வேலைக்கு வருபவர்கள் இல்லை. விமானத்தின் பாகம் கெட்டால் அதை ராவிச் சரிசெய்வதைவிடப் பெட்டியோடு கழற்றி மாற்றுவதுதான் நடைமுறை. எல்லாம் சரி. ஆனால் கையில் காய்ப்பும் தலையில் கணக்கும் ஒன்றாக வளர்ந்த ஒரு முறை அதோடு போய்விட்டது. நம் ஊரில் ஐ.டி.ஐ. ஒரு பக்கமும் பொறியியல் கல்லூரி ஒரு பக்கமுமாக, ஒன்றை ஒன்று பார்க்காமல் இருப்பதை நினைத்தால் அந்த இழப்பு இன்னும் உறைக்கிறது.

ஹால்டன் முகாமை மூடப்போவதாக 2016இல் அறிவித்தார்கள். தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குள் பழைய மாணவர்கள் தங்கள் கருவிகளையும் புகைப்படங்களையும் நோட்டுப் புத்தகங்களையும் அங்குள்ள ட்ரென்சார்ட் அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட்டார்கள். ராவிய இரும்புக் கட்டிகள்கூடப் பத்திரமாகியிருக்கின்றன. எனக்குத் தெரிந்து நம்மிடம் அப்படி ஒரு சேகரம் இல்லை. தாம்பரத்திலும் ஜாலஹள்ளியிலும் பயிற்சி பெற்று, நாற்பது வயதுக்குள் ஓய்வு பெற்று, வங்கியிலோ மின்வாரியத்திலோ இரண்டாவது வேலை பார்த்து, இப்போது தெருமுனை வீட்டில் இருக்கும் ‘ஏர்ஃபோர்ஸ்காரர்’ உங்கள் ஊரிலும் இருப்பார். அவரிடம் போர்க்கதை கேட்காதீர்கள். பயிற்சிக் காலத்தில் முதலில் கையில் என்ன கருவி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிவையுங்கள், புகைப்படம் இருந்தால் பிரதி எடுங்கள், தேதியும் பேட்ச் எண்ணும் சேர்த்துக் குறியுங்கள்.

அடுத்த வாரம் கராச்சி. 1933 ஏப்ரலில் டிரிக் ரோடு நிலையத்தில் நான்கு வாபிட்டி விமானங்களோடு இந்திய விமானப் படையின் முதல் பிரிவு தொடங்கியபோது, அவற்றைப் பராமரிக்க நின்ற பத்தொன்பது ‘ஹவாயி சிப்பாய்’களின், அதாவது விமானச் சிப்பாய்களின், கதை.

(தொடரும்)