கரிசல் வெக்கையில் ஒரு ரிமோட் விமானம்

எட்டயபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்த ரிமோட் விமானம், கையிலிருந்து எறிந்த வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஒரு கணம் நின்று, தலைகுப்புற விழுந்து கழுத்தோடு முறிந்துவிட்டதாம். ஒட்டலாமா, வேறு வாங்க வேண்டுமா என்று கேட்கிறார். கூடவே ஒரு சந்தேகம்: நம்ம கரிசல் காட்டில் இதெல்லாம் சரிப்பட்டு வருமா?

நன்றாகவே வரும். மாசி பிறந்து உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வீடு சேர்ந்துவிட்டால், கோவில்பட்டிக்குக் கிழக்கே விளாத்திகுளம் வரைக்கும் பெரும்பாலும் வெறுங்காடுதான். விமானம் விடுகிறவனுக்கு இதைவிடத் தோதான பூமி வேறென்ன வேண்டும்? ஆனால் இந்த மண்ணுக்கும் காற்றுக்கும் சில குணங்கள் உண்டு. விமானத்தோடு வரும் விளக்கத்தாளில் அவை இருக்காது.

இறக்கை ஏன் தூக்குகிறது, எலிவேட்டர் என்ன செய்கிறது என்பதெல்லாம் தம்பிக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தது என்கிறாரே, நோய் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பின்பாரம். எங்கள் வீட்டு மாட்டு வண்டியில் பருத்திப் பொதி ஏற்றும்போது பெரியப்பா நுகத்தடியில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நிற்பார். முன்பாரமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். நடை தளரும், ஆனாலும் வண்டி ஊர் போய்ச் சேரும். பின்பாரமானால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும். மேட்டில் ஏறினால் வண்டியே குடைசாயும். விமானத்துக்கும் இதே கணக்குதான். மூக்கு கொஞ்சம் கனத்திருந்தால் மந்தமாகவாவது பறக்கும். வால் கனத்தால் ரிமோட்டை எப்படித் திருகினாலும் கேட்காது.

பார்ப்பது சுலபம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் இருந்தால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6.5 சென்டிமீட்டருக்குள் இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரல் நுனியை வைத்துத் தூக்க வேண்டும். விமானம் மட்டமாகவோ, மூக்கு ஒரு சொட்டுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். பேட்டரியை உள்ளே வைத்தபிறகு பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சரியில்லை என்றால் ஈயம் தேடி ஓடாதீர்கள்; பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்னொன்று, வால் உடைந்து ஒட்டுகிறவர்கள் பசையை அள்ளி அப்பிவிடுகிறார்கள். வால் நீண்ட கம்பின் நுனியில் இருக்கிறது. அங்கே ஏறும் ஒரு கிராமுக்கு ஈடுகட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டிவரும். ஒட்டி முடித்தபின் மறுபடி விரலில் வைத்துப் பார்க்காமல் எறியவே கூடாது.

முறிந்த கழுத்தை ஒட்டுவதற்குக் கோவில்பட்டிக்காரருக்கு யாருக்கும் இல்லாத வசதி ஒன்று உண்டு. மருந்து முக்காத வெறும் தீக்குச்சி. தடிமன் இரண்டு மில்லிமீட்டர், நீளம் நான்கு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நேரான மென்மரம். உடைந்த ஃபோமின் இரண்டு முகத்திலும் ஃபெவிகாலைத் தடவி, நான்கைந்து குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, டேப் சுற்றி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். அடுத்தமுறை அந்த இடத்தைத் தவிர வேறு இடத்தில்தான் உடையும். மாதிரி விமானம் கட்டும் பால்சா மரம் ஈக்வடாரிலிருந்து வர வேண்டும். எடையில் நம் தீக்குச்சி மரம் அதைவிடக் கனம்தான், முழு விமானமும் அதில் கட்ட முடியாது. ஆனால் ஒட்டுப்போடத் தீக்குச்சியை விட்டால் வேறில்லை. சர்வோ என்கிற குட்டி மோட்டாரையும் வாலையும் இணைக்கும் கம்பிக்குப் பழைய சைக்கிளின் போக்ஸ் கம்பி போதும். கடைக்காரர் சும்மாவே தருவார். விளம்பரப் பலகைக்கு அடிக்கும் சன்பேக் ஷீட், வால் செய்ய உதவும். தேர்தல் முடிந்த மறுவாரம் இதற்குப் பஞ்சமே இல்லை.

பசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வெள்ளை தெர்மாகோலில் ஃபெவிக்விக்கோ ரப்பர் சொலூஷனோ பட்டால் குழி விழுந்து உருகிவிடும். ஃபெவிகால், அரால்டைட் இரண்டும் பாதகமில்லை. கன்னில் வைத்து உருக்கும் ஹாட் குளூ வேகமாக ஒட்டும், நம் வெயிலில் அதே வேகத்தில் இளகவும் செய்யும். சித்திரையில் மூடிய கார் டிக்கியில் விமானத்தைப் போட்டு மத்தியானம் எடுத்துப் பாருங்கள், சர்வோ தன் இடத்தில் இருக்காது. இறக்கையின் மேல்பக்கத்துக்குக் கறுப்பு, கருநீலம் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். ஃபோம் சூடேறி முறுக்கிக்கொள்ளும். கரிசலில் விழுந்தால் கண்ணிலும் படாது. மேலே ஆரஞ்சு, அடியில் அடர்நிறப் பட்டை. வெளுத்த வானத்தில் அடிப்பக்கம் கறுத்துத் தெரிந்தால்தான் எது மேல், எது கீழ் என்று புரியும்.

மண்ணுக்கு வருவோம். கரிசல் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பெட்டியோடு வரும் குட்டிச் சக்கரம் வெடிப்பில் இறங்கினால் முன்கம்பி முறிந்து, பிராப்பல்லரும் கூடவே போகும். மழை பெய்தால் வேறு வம்பு, சக்கரத்தில் களி அப்பி உருளவே செய்யாது. சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் வீசி ஏற்றுங்கள், வயிற்றால் இறக்குங்கள். அடிவயிற்றில் ஃபைபர் டேப் இரண்டு வரிசை போதும். பிராப்பல்லரை ரப்பர் வளையத்தால் பிணைக்கும் பிராப் சேவர் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது; தரையில் இடித்தால் பிராப்பல்லர் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். காய்ந்த கம்மாயின் உட்தரை வயலைவிட மட்டமாக இருக்கும், அங்கே இறக்கலாம். பறந்து முடித்த பின் மோட்டாரையும் சர்வோவையும் மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் மோட்டாரைத் தரையில் வைக்கவே கூடாது. அந்தச் செம்மணலில் மாக்னடைட் துகள் கலந்திருக்கிறது. மோட்டார் காந்தம் அதை உறிஞ்சி உள்ளே ஒட்டவைத்துக்கொள்ளும்.

லிப்போ பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்துகிறார்கள். உப்பிப்போனதை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிறார்கள். தீப்பெட்டி ஊரில் பிறந்தவர்களுக்குத் தீயைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஒரு செல் முழுதாக நிரம்பினால் 4.2 வோல்ட். பறக்கும்போது 3.5க்குக் கீழே இறக்காதீர்கள். வீட்டில் சும்மா வைக்கும்போது 3.8ல் வையுங்கள். முழுதாக நிரப்பி ஒரு மாதம் கோடையில் பீரோவுக்குள் வைத்தால் கெட்டுப்போகும். ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் பாதியாக்கி, மண்சட்டியில் போட்டு வைக்கலாம். உப்பியதைக் குப்பைத்தொட்டியில் எறிவது துப்புரவுப் பணியாளரின் கையைச் சுடும் காரியம்.

முன்பு இந்தத் தொல்லை இல்லை. என்சிசி விமானப் பிரிவில் பயின்றவர்களுக்கு நினைவிருக்கும்: இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மைச் சுற்றியே வட்டமடிக்கவைக்கும் விமானங்கள், அவற்றில் கல்கத்தாவில் செய்த அரோரா குட்டி டீசல் எஞ்சின். அதன் எரிபொருள் ஏறத்தாழச் சமபங்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். நம் காட்டுப் பொழியில் நிற்கும் ஆமணக்குதான் அந்த எஞ்சினைத் தேயாமல் காத்தது. அன்றைக்குப் பையன்கள் விமானத்தைச் செய்தார்கள். இன்றைக்குப் பள்ளிக் கண்காட்சிகளில் காசு கொடுத்துச் செய்யவைத்த விமானத்தை மேஜையில் நிறுத்தி, மனப்பாடமாய் ஒப்பிக்கிறார்கள். கல்லூரிகளில் எல்லோருக்கும் நான்கு பிராப்பல்லர் ட்ரோன்தான் வேண்டும். கையை எடுத்தாலும் அது அந்தரத்தில் நிற்கும் என்பதால். சென்னை எம்ஐடியின் தக்‌ஷா அணி 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் வந்தது. அதற்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித்குமார். ஏரோமாடலிங்கில் அவருக்கு இருந்த ஈடுபாடுதான் அவரை அங்கே கொண்டுபோனது என்பதை அவருடைய ரசிகர்களே மறந்துவிடுகிறார்கள்.

காற்றைப் பார்ப்பதற்கு நமக்குக் கயத்தாறு இருக்கிறது. காற்றாலை இறக்கை சுற்றினாலே, அந்த உயரத்தில் காற்று விநாடிக்கு மூன்று நான்கு மீட்டரையாவது தொட்டுவிட்டது என்று அர்த்தம். புதிதாகப் பழகுகிறவர்கள் அன்றைக்கு விமானத்தைப் பெட்டியிலேயே வைக்கலாம். காற்றாலையின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, காற்று அங்கிருந்து வருகிறது. நீங்களும் அந்தத் திசையைப் பார்த்துத்தான் எறிய வேண்டும். இதெல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டும். காற்றாலைக்குப் பின்னால் காற்று கலங்கிக் கிடக்கும், மின்கம்பிகளும் உண்டு. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றில் ஃபோம் விமானம் பின்னோக்கிப் போவதைப் பார்க்கலாம். தை முதல் பங்குனி வரை, காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறும்வரை, பழகுவதற்கான நேரம். விமானம் உங்களை நோக்கி வரும்போது இடம் வலமாக மாறிக் குழப்பும். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

வெயில் ஏறியபின்தான் எனக்குப் பிடித்த கூத்து ஆரம்பிக்கிறது. உழுது போட்ட கரிசல், வெயிலைத் திருப்பி அனுப்பாமல் தானே குடிக்கும். பக்கத்தில் பயிர் நிற்கும் வயலோ தண்ணீர் கிடக்கும் கம்மாயோ அவ்வளவு சூடேறாது. பத்து பத்தரை மணிவாக்கில் கரிசல் மேல் கிடக்கும் சூட்டுக் காற்று ஒரு குமிழாகத் திரண்டு, பொழியோரம் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும். இதைத்தான் தெர்மல் என்கிறோம். மோட்டாரை அணைத்துவிட்ட விமானம் அதற்குள் நுழைந்தால் ஒரு சொட்டு மின்சாரம் செலவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மீட்டர் இறக்கையுள்ள மோட்டார் கிளைடர் என்றால் அரை மணி நேரம் கூடக் கீழே வராது.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூணைக் கண்டுபிடிப்பதில்தான் சுவாரசியமே. கரும்பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டால் அதற்குக் கீழே போய்விடுங்கள், அது ஏமாறாது. பருந்து இல்லாவிட்டால் ரிமோட் ஏரியலில் ஒரு முழம் நூல் கட்டுங்கள். மேற்கிலிருந்து சீராக அடித்த காற்று திடீரென்று ஓய்ந்து, நூல் தொங்கி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பினால், மேற்கே எங்கோ ஒரு தெர்மல் கிளம்பித் தரைக்காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. விமானமும் சொல்லும். நீங்கள் எதுவும் செய்யாமலே ஓர் இறக்கை மட்டும் மேலே தட்டப்பட்டால், தெர்மல் அந்தப் பக்கம். விமானமோ தானாகவே மறுபக்கம் விலகப் பார்க்கும். நீங்கள் வம்படியாக, தூக்கிய இறக்கையின் பக்கமே திருப்ப வேண்டும். உள்ளே போய்விட்டால் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். தூண் நேராக நிற்காது, காற்றோடு சாய்ந்து நகரும். வட்டமும் நகர வேண்டும். அதைச் சுற்றிக் கீழிறங்கும் காற்று இருக்கும், வெளியே தவறினால் விறுவிறுவென்று இறக்கிவிடும்.

இறங்க மறுக்கும் நாளும் வரும். புள்ளியாகச் சிறுத்துப் போவதைப் பார்த்து நேராகக் குத்தவிட்டால் வேகம் கூடி இறக்கை கழன்றுவிடும். பதறாமல் ஒரே திசையில் நேராக ஓட்டி, அந்தக் கீழிறங்கும் காற்றுக்குள் கொண்டுவாருங்கள். மண்ணை அள்ளிச் சுழன்று வரும் காற்றைக் கண்டால் மட்டும் பக்கத்தில் போகாதீர்கள். அதுவும் தெர்மல்தான், கோபக்காரத் தெர்மல். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து நம் புஞ்சைக்காடுகளுக்கு வரும் பூனைப்பருந்துகள் பொழுது சாயும் நேரம் புல்வெளியில் தரையில் கூட்டமாகத் தங்கும். அவ்வளவு தூரம் பறந்து வந்ததை மோட்டார் சத்தத்தால் விரட்டுவது நியாயமில்லை. அங்கே சாயங்காலம் வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ட்ரோன் விதிகள், விளையாட்டுக்கும் படிப்புக்கும் கண்ணால் பார்த்து ஓட்டும், 25 கிலோவுக்கு உட்பட்ட விமானங்களைத் தனி வகையாக வைத்திருக்கின்றன. 2 கிலோ வரை வணிக நோக்கமில்லாமல் ஓட்ட உரிமம் தேவையில்லை. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் உயரம் 400 அடிக்குள். தெர்மல் கிடைத்தது என்று அதைத் தாண்டக் கூடாது. வாகைக்குளம் விமான நிலையம், கூடங்குளம் அணுமின் நிலையம், குலசேகரன்பட்டினம் ஏவுதளம் எல்லாம் நம் வட்டாரத்தில்தான் இருக்கின்றன. வெளியூர் போய் விடுகிறவர்கள் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசியாக, சீமைக்கருவேலம். எந்தக் கம்மாயில் விட்டாலும் என்றாவது ஒருநாள் விமானம் அதற்குள்தான் போய் உட்காரும். விழுந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, விழுந்த திக்கில் தூரத்தில் தெரியும் பனையையோ கோபுரத்தையோ குறி வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே நடங்கள். பல விமானங்களில் மோட்டார் சும்மா கிடந்தால் சிறிது நேரத்தில் பீப் பீப் என்று கத்த ஆரம்பிக்கும், காது கொடுங்கள். கிளையை உலுக்கினால் முள் ஃபோமைச் சல்லடையாக்கிவிடும். பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் துரட்டியைக் கேளுங்கள். நெற்று பறிக்கும் கொக்கி இதற்கென்றே செய்தது போலிருக்கும். கொக்கியை இறக்கையில் மாட்டாதீர்கள், விமானம் தொங்கும் கிளையில் மாட்டி மெல்லச் சாயுங்கள். கைக்கு எட்டியதும் பிராப்பல்லரைத் தொடாமல், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.