தோலோடு கொறிக்கும் விதை: சூரியகாந்தியும் நம் கடலையும்

தேனி மாவட்டத்துச் சங்க உறுப்பினர் சிலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. "சூரியகாந்தி விதையை எண்ணெய்க்குப் போடாமல், உப்புச் சேர்த்துத் தோலோடு வறுத்துப் பொட்டலமாக விற்றால் என்ன? வெளிநாடுகளில் அப்படித்தானே தின்கிறார்கள்? குமுளிச் சாலையில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் போகும் ஐயப்ப பக்தர் கூட்டத்துக்கு விற்றாலே போதுமே!" என்பது அவர்கள் வாதம். கேள்வி நியாயமானதே. ஆனால் விதைப்பதற்கு முன் ஆராய வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

சூரியகாந்தி வட அமெரிக்காவிற்குரிய செடி. அங்குள்ள பழங்குடி மக்கள் அதைப் பயிராக்கி உணவாகக் கொண்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தார் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார்கள். வெகு காலம் அது அங்கே அழகுச் செடியாகவே இருந்தது. அதனைப் பெரும் பயிராக்கிய பெருமை ரஷ்யாவைச் சேர்ந்தது. அந்நாட்டில் வறுத்த விதைக்குச் 'சேமிச்கி' என்று பெயர். சட்டைப்பை நிறைய விதையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாய் வாயிலிட்டு, முன்பல்லால் ஓட்டை உடைத்து, நாவினால் பருப்பைப் பிரித்து, ஓட்டை வெளியே தள்ளுவது அங்கே தாத்தா முதல் பேரன் வரை கைவந்த பழக்கம். வாய்வந்த பழக்கம் என்பதே பொருத்தம். துருக்கியிலும் ஸ்பெயினிலும் சீனத்திலும் இவ்வழக்கம் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் விதையை வைத்து உடைப்பவர்களின் முன்பல்லில் சிறு பள்ளம் விழுந்துவிடுவதைப் பல் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டிலோ, 1969இல் சோவியத் நாட்டிலிருந்து வித்துக்களைத் தருவித்த பிறகே இப்பயிர் எண்ணெய்வித்தாகப் பரவலாயிற்று. இங்கேதான் கேள்வியின் முடிச்சு இருக்கிறது. வந்தவை அனைத்தும் எண்ணெய் இரகங்கள். அவற்றுக்கு மூலமான ஆராய்ச்சியைச் செய்தவர் கிராஸ்னதாரில் உழைத்த புஸ்தவோய்த் என்ற பேரறிஞர். விதையில் எண்ணெயின் பங்கை மிகுவிக்க வேண்டுமானால் ஓட்டின் பங்கைக் குறைத்தாக வேண்டும். ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து, ஓடு மெலிந்த, சிறுத்த, கறுத்த விதையை உண்டாக்கினார்கள். அதன் எடையில் ஓடு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அதுவும் பருப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். கொறிக்கும் இரகமோ வேறு. அதன் விதை நீண்டது, வெள்ளையும் கறுப்புமாய் வரியோடியது, ஓடு தடித்தது. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே ஓடு போய்விடும். ஆனால் அந்த ஓட்டுக்குள் பருப்பு ஒட்டாமல் தளர்ந்து கிடப்பதால், ஒரே கடியில் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு தனியே வந்துவிடும்.

நம் நிலத்தில் விளையும் எண்ணெய் விதையை வறுத்துப் பாருங்கள். ஓடு நார் நாராகப் பிய்ந்து பருப்போடு சேர்ந்து வாயில் அரைபடும். ஒரு கைப்பிடி தின்பதற்குள் தின்றவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அடுத்த பொட்டலத்தை அவர் வாங்கமாட்டார். இதைச் சலிப்பின்றித் தின்பவை நம் ஊரில் கிளிகள் மட்டுமே. பூத்தலையின் விளிம்பில் உட்கார்ந்து அவை உமியை உதறித் தள்ளும் நேர்த்தியைக் கண்டால், தகர டப்பாவைத் தட்டி ஓட்ட வந்தவரும் ஒரு கணம் நின்றுவிடுவார்!

ஆதலால் கொறிப்பு வியாபாரம் வேண்டுமெனில் கொறிப்பு இரகத்தின் விதையே வேண்டும். அதை வாங்குவோர் யார் என்பது விதைக்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் ஆலைக்காரர் ஓடு தடித்த விதையை நல்ல விலைக்கு எடுக்கமாட்டார் என்பதை மறத்தல் ஆகாது. இன்னொரு சங்கடமும் உண்டு. இது தேனீயால் மகரந்தம் சேரும் பயிர். பக்கத்து வயலில் எண்ணெய் இரகம் நின்றால் கலப்பு நேரும். அடுத்த பருவத்துக்கு எடுத்து வைத்த விதை இரண்டுங்கெட்டானாக முளைக்கும். தேனீ குறைந்தாலோ பூத்தலையின் நடுவில் பொக்கு விழும். பூத்திருக்கும் நாட்களில் காலை வேளையில் மெல்லிய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு பூவையும் இலேசாகத் தடவிவிடச் சொல்வது இதற்காகத்தான். நெசவாளர் வீட்டுத் துண்டுத் துணிக்கு உழவர் வயலில் இப்படியும் ஓர் உபயோகம் இருக்கிறது.

நெசவாளரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று கூற வேண்டும். சக்கம்பட்டி நெசவாள அன்பர் ஒருவர், "கை இரண்டும் தறியில் இருக்க, வாய் மட்டும் வேலை செய்யும் தீனி இது, எங்களுக்கென்றே படைத்தது போலிருக்கிறது" என்று வேடிக்கையாகச் சொன்னார். பாவின் மேல் ஓட்டைத் துப்பினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்த அவர் மனைவியார் கேட்டதும் பேச்சு அத்தோடு நின்றது. உப்பும் எண்ணெயும் பட்ட விரலால் நூலைத் தொடக்கூடாது என்பது கடலைக்கும் பொருந்தும்.

இனி, நம் கையில் ஏற்கெனவே இருக்கும் கொறிப்பைப் பார்ப்போம். வடக்கே மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலை, ஆண்டிபட்டி, போடி வட்டாரச் செம்மண்ணில் விளைகிறது. அவித்தோ மணலில் வறுத்தோ ஓட்டோடு தின்பதில் நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வியாபாரத்தில் விளைவிப்பவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கிறதா என்பதே என் கவலை. செடியைப் பிடுங்கிய அன்றே பச்சைக் காயாகக் களத்துமேட்டிலேயே எடை போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கையில் காசு உடனே வருகிறது. காய வைக்கும் கூலி மிச்சம். அது சரிதான். ஆனால் எந்த விலைக்குக் கொடுத்தால் நஷ்டமில்லை என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தவர் சிலரே.

கணக்கு இதுதான். 100 கிலோ பச்சைக் காயில் 40 கிலோ நீர் என்று கொள்வோம். மீதி 60 கிலோ சரக்கு. நூற்றுக்கு 8 பங்கு ஈரம் வரை உலர்த்தினால் கிடைப்பது ஏறத்தாழ 65 கிலோ உலர்ந்த காய். 2025-26ஆம் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, ஓட்டோடு கூடிய நிலக்கடலைக்குக் குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அவ்விலைப்படி 65 கிலோவின் மதிப்பு சுமார் 4,720 ரூபாய். ஆகவே பச்சைக் காயைக் கிலோ 47 ரூபாய்க்குக் கொடுத்தால் இரண்டும் சமம். உலர்த்தும் கூலி, சாக்கு, வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கழித்தால் அதற்குச் சற்றுக் கீழேயும் இறங்கலாம். அதற்கும் வெகு கீழே வியாபாரி கேட்டால், அவர் நீரை வாங்கவில்லை, நம் சரக்கைத்தான் குறைத்து வாங்குகிறார். ஈரம் மிகுந்த காயானால் கணக்கு மாறும். ஒரு கிலோவை வெயிலில் நன்கு உலர்த்தி மறுபடி நிறுத்துப் பார்த்து, அவரவரே தம் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். சங்கத்தில் தராசு இருப்பது உரம் நிறுக்க மட்டும் அன்று.

உலர்த்துவதென்றால் முழுமையாக உலர்த்த வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த காயைக் குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. காரணத்தைத் தேடியபோது, அவற்றுக்குத் தீனியாக வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தது தெரிந்தது. அதற்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். வறுத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்காது. உடையாத ஓடு பருப்புக்கு நல்ல காப்பு. மண்வெட்டி பட்டு ஓடு கீறிய காயையும் பூச்சி துளைத்த காயையும் முதலிலேயே பொறுக்கி நீக்கிவிட வேண்டும். விதைக் கடலையையும் இதே காரணத்தால் ஓட்டோடுதான் வைக்க வேண்டும். விதைப்புக்குச் சில நாட்களுக்கு முன்பு உடைத்தால் போதும்.

மருந்திட்ட விதையைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. கடையில் வாங்கும் சூரியகாந்தி வீரிய விதை, பூச்சிமருந்தும் பூஞ்சண மருந்தும் கலந்து சாயம் ஏற்றியதாக வரும். விதைத்து மீந்ததை வறுத்துப் பார்க்கலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. குழந்தைகளுக்கு எட்டும் மாடத்திலும் வைக்கக்கூடாது. நல்ல விதையேயானாலும் சிறு குழந்தைகளுக்கு ஓட்டோடு கொடுத்தல் தகாது. ஓட்டை விழுங்கிய பிள்ளைகளுக்கு அது மலக்குடலில் கட்டியாக இறுகி, மருத்துவமனையில் எடுக்க வேண்டி வந்ததுண்டு. கடலைப் பருப்போ மூச்சுக்குழலில் சிக்கும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், ஓட்டின் மேலுள்ள உப்பைச் சுவைத்துக்கொண்டே ஒரு பொட்டலத்தை முடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சூரியகாந்தியை அடியோடு கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1990களின் முற்பகுதியில் இந்தியாவில் 20 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் நின்ற பயிர், 2020களின் தொடக்கத்தில் 3 இலட்சத்துக்கும் கீழே போயிற்று. 2022இல் உக்ரேனில் போர் மூண்டவுடன் நம் சமையலறையில் எண்ணெய் விலை ஏறியது யாவரும் அறிந்ததே. எண்ணெய்க்காக அதை வளர்ப்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கொறிப்புக்காக என்றால், உறுப்பினர் நால்வர் சேர்ந்து, மற்றச் சூரியகாந்தி வயல்களுக்கு எட்டாத இடத்தில் பத்து சென்ட் போட்டுப் பார்க்கட்டும். விதையை இரவு முழுவதும் உப்பு நீரில் ஊறவைத்து, வடித்து, நிழலில் ஈரம் போக்கி, சூடேறிய மணலில் வறுத்துச் சலித்து, சந்தை நாளில் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கட்டும். பொட்டலம் கட்டி விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

கடலை போட்டிருப்பவர்கள் இப்போதைக்குச் செய்ய வேண்டியது வேறு. மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு அணையுங்கள். விழுது மண்ணில் இறங்கிய பின் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால் ஓடு மட்டும் வளர்ந்து உள்ளே பொக்காய்ப் போகும். அவித்த கடலை வாங்குபவர் முதலில் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பதும் அந்தப் பொக்கைத்தான்.