சம்பளம் கிடையாது... ஆனாலும் ரயில் ஓடுது! வேல்ஸ் கிராமத்தில் நீராவி அதிசயம்

டவின்: என்ஜினுக்கு கரி அள்ளிப் போடுறவருக்கு சம்பளம் இல்லை. கொடி காட்டும் கார்டுக்கும் இல்லை. ஆனாலும் 70 வருஷத்துக்கு மேலா ரயில் ஓடிக்கிட்டு இருக்கு. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கடற்கரை ஊரான டவினில் இருந்து மலைக்காட்டுக்குள் இருக்கும் நான்ட் குவெர்னால் வரை போகும் டாலிலின் ரயில்தான் அது. தூரம் சுமார் 12 கி.மீ. தண்டவாள அகலம் வெறும் இரண்டேகால் அடி.

குவாரி சரிந்தது

மலையில் வெட்டிய ஸ்லேட் கற்களை கீழே கொண்டு வர 1865-ல் போட்ட பாதை இது. 1946-ல் குவாரி சரிந்து மூடப்பட்டது. சரக்கு போச்சு, வருமானமும் போச்சு. முதலாளி சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தான் உயிரோடு இருக்கும்வரை ரயில் நிற்காது என்று சொல்லி நஷ்டத்திலேயே ஓட்டினார். 1950 ஜூலையில் அவரும் இறந்துவிட்டார். அடுத்தது காயலான் கடைதான் என்ற நிலை.

அப்போது எழுத்தாளர் டாம் ரோல்ட், பர்மிங்காம் நகரில் கூட்டம் போட்டு ஆள் சேர்த்தார். 1951 மே 14-ந்தேதி தன்னார்வலர்களின் முதல் ரயில் கிளம்பியது. உலகத்திலேயே இப்படி காப்பாற்றப்பட்ட முதல் ரயில் இதுதான். கையில் இருந்ததோ ஓடக்கூடிய ஒரே ஒரு என்ஜின், புல் மண்டிய தண்டவாளம். பக்கத்தில் மூடிக்கிடந்த கோரிஸ் ரயிலின் 2 என்ஜின்களை தலா 25 பவுண்டுக்கு வாங்கிப் போட்டார்கள்.

தண்ணி குறைஞ்சா ஆபத்து

நீராவி என்ஜின் சாவி போட்டதும் கிளம்பாது. விடியற்காலையிலேயே தீ மூட்டணும். அவசரப்பட்டு சூடேற்றினால் பாய்லர் பாழாகும். ஓடும்போது பாய்லர் தண்ணி மட்டத்தில் எப்பவும் ஒரு கண் இருக்கணும். குறைஞ்சா தீப்பெட்டியின் மேல்தகடு வெந்து, வெடிக்கவும் கூடும். அதனால் புதுசா வர்றவங்களுக்கு முதலில் துடைக்கிற வேலைதான். அப்புறம் கரி போடணும். டிரைவர் சீட்டுக்கு வர பல வருஷம் ஆகும்.

பெட்டிகளில் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும். பாலங்களுக்கு அடியில் இடைவெளி போதாது என்று 1866-ல் அரசு அதிகாரி கண்டுபிடித்ததால் வந்த ஏற்பாடு.

'தாமஸ்' ரயில் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் இங்கே கார்டாக வேலை பார்த்தவர். ஒருநாள் டீக்கடை அம்மா ஏறுவதற்குள் கொடி காட்டிவிட்டார். பாவம், அந்த அம்மா ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டார். பிறகு அதையும் கதையாக்கிவிட்டார் மனுஷன்!

குளிர்காலத்தில் தினமும் ரயில் கிடையாது. போறவங்க நேரம் பார்த்துப் போகணும். கடைசி ஸ்டேஷனுக்கு ரோடு இல்லை. அதே ரயிலில் திரும்பணும், இல்லாட்டி காட்டுப்பாதையில் நடக்கணும்.