‘கல்லு வெச்ச’ மாம்பழம்: நிறம் முந்துது, இனிப்பு ஏன் பிந்துது?

ஏப்ரல் வந்துட்டா போதும், தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத் தோப்புகளில் மாங்காய் பறிப்பு சூடு பிடித்துவிடும். சீசன் தொடக்கத்தில் வரும் பழத்துக்கு விலை அதிகம். அந்த அவசரத்தில்தான் சில இடங்களில் ‘கார்பைடு கல்’ உள்ளே நுழைகிறது. அதை வைத்துப் பழுக்கவைத்த பழம் வெளியே பளபள மஞ்சள். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெளுத்து, புளிப்பாக இருக்கும். ஏன் இப்படி? பதில், பிளஸ் டூ வேதியியலில் நாம் படித்து மறந்த ‘வினைவேகம்’ பாடத்தில் இருக்கிறது.

பழுப்பது என்பது என்ன?

பழுப்பது ஒரே ஒரு வினை அல்ல. தோலில் உள்ள பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரிகிறது. மாவுச்சத்து சர்க்கரையாகிறது. புளிப்பு அமிலம் குறைகிறது. செல் சுவரில் உள்ள பெக்டின் உடைந்து சதை மென்மையாகிறது. இந்த ஒவ்வொரு வினைக்கும் ஒரு வேகம் உண்டு.

வேகத்தை எது முடிவு செய்கிறது?

மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதினால்தான் வினை நடக்கும். ஆனா, சும்மா மோதினா பத்தாது. ஒரு குறைந்தபட்ச ஆற்றலோடு மோதணும். அதுதான் ‘கிளர்வு ஆற்றல்’. வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை, இதை வைத்து 1889-இல் விளக்கியவர் ஸ்வீடன் வேதியியலாளர் அரீனியஸ். முக்கியமான காரணிகள் நான்கு.

வெப்பநிலை: சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடும், பலமாக மோதும். 10 டிகிரி கூடினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். காயை வைக்கோலில் புதைத்துப் பழுக்கவைத்த நம்ம தாத்தாக்கள் செய்ததும் இதைத்தான். கதகதப்பு வெளியேறாது.

செறிவு: மாங்காய் தானாகவே எத்திலீன் வாயுவை வெளியிடும். ‘பழுக்கத் தொடங்கு’ என்று காய்க்குச் சொல்லும் சமிக்ஞை அது. அரிசிப் பானைக்குள் காயை வைத்தால் வாயு கலைந்து போகாமல் செறிவு கூடும். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துக் காயும் சேர்ந்து பழுப்பது இதனால்தான்.

வினையூக்கி: கிளர்வு ஆற்றலைக் குறைத்து, வினைக்குக் குறுக்குவழி காட்டுவது. பழத்துக்குள் இந்த வேலையைச் செய்பவை நொதிகள். இவற்றை உருவாக்கும்படி செல்லைத் தூண்டுவதுதான் எத்திலீன். அதிகச் சூட்டில் நொதிகள் செயலிழந்துவிடும். மாங்கூழ் ஆலைகளில் கூழைச் சூடாக்கி டப்பாவில் அடைப்பதற்கு, கிருமிகளைக் கொல்வதோடு இதுவும் ஒரு காரணம்.

புறப்பரப்பு: கட்டியாக இருப்பதைவிடப் பொடி வேகமாக வினைபுரியும். கட்டி வெல்லத்தைவிடப் பொடித்த வெல்லம் சீக்கிரம் கரைகிற மாதிரி.

கார்பைடு என்ன செய்கிறது?

கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் பயன்படுகிற அதே வாயு. கூடவே சூடும் கிளம்பும். கல்லைப் பேப்பரில் மடித்துக் காய்க் குவியலுக்குள் வைத்தால், காயிலிருந்து வரும் ஈரமே போதும். அசிட்டிலீன், எத்திலீன் மாதிரி நடிக்கும். ஆனால் அதைவிடப் பல மடங்கு வலு குறைந்தது. தோலின் நிறம் சட்டென மாறிவிடும். உள்ளே மாவுச்சத்து சர்க்கரையாகும் வேலை அதே வேகத்தில் நடப்பதில்லை. நிறம் முந்துது, இனிப்பு பிந்துது.

சுவை கெடுவது மட்டும் பிரச்சினை இல்லை. தொழிற்சாலைத் தரக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். அதன் எச்சம் பழத்தில் ஒட்டலாம். அதனால்தான் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், கார்பைடு வாயுவால் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடை செய்கின்றன. எத்திலீனுக்கு அனுமதி உண்டு: அதிகபட்சம் 100 பிபிஎம். அதாவது 10 லட்சம் லிட்டர் காற்றில் 100 லிட்டர். அதையும் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் செய்வதே சரியான முறை.

அப்போ எத்திலீன் வெச்சா எல்லாக் காயும் இனிக்குமா?

இனிக்காது. வினையை வேகப்படுத்தலாம், இல்லாத மூலப்பொருளைக் கொண்டுவர முடியாது. முற்றாத காயில் மாவுச்சத்து சேர்ந்திருக்காது. சர்க்கரை எங்கிருந்து வரும்? விலைக்காகப் பத்து நாள் முன்பே பறித்த காயை எந்த வாயுவாலும் காப்பாற்ற முடியாது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பாதீங்க. மல்கோவா பழுத்த பிறகும் பச்சை கலந்தே இருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்க; நல்லாப் பழுத்திருந்தா வாசனை இருக்கும். பழம் முழுக்க ஒரே சீராக மஞ்சளடித்து, அழுத்தினால் கல் மாதிரி இருந்தால் யோசிங்க. ஓடும் தண்ணீரில் கழுவி, தோலைச் சீவிச் சாப்பிடுங்க. முற்றிய காயாகவே கிடைச்சா இன்னும் நல்லது. ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு பேப்பர் பையில் போட்டு மூடி வைங்க. அதிலிருந்து வரும் எத்திலீனே மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.